மொத்த வட்டி: நான்

சனிக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். "டேய், இந்த மாச மொத்த வட்டி எவ்வளவுன்னு பார்த்தா 'நான்'னு வந்திருக்கு. நீயா கட்டப்போற?"

அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கடைசி வரியில், தொகை வரவேண்டிய இடத்தில், ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: என், ஏ, என். 'இது எண் அல்ல' என்று சொல்லக் கணினி வைத்திருக்கும் சுருக்கம். அக்கா வாசித்ததிலும் தப்பில்லை. அந்தப் புரோகிராமை எழுதியவன் நான்தான்.

அக்கா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். பதினாறு பேர். மாதச் சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், மாதம் இரண்டு வட்டி. மூன்று வருஷத்துக்கு முன் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கடன் விவரம் ஒரு எக்ஸெல் தாளில் இருக்கும். பாண்டாஸ் நூலகம் (அட்டவணைகளைப் படிக்கப் பைத்தானுக்கு யாரோ எழுதி வைத்த தயார் நிரல்) அதைப் படிக்கும். இந்த மாதம் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அச்சாகும். புதுக் கடன் மட்டும் ஒரு சின்ன ஜன்னலில் பதிவாகிப் பேரேட்டில் ஏறும். மொத்தம் முந்நூறு வரிகூட இருக்காது. டெஸ்டும் (புரோகிராம் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல்கள்) எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமை இந்த வார இறுதியோடு போனது.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. ஒருவர் கடனை முடித்துவிட்டார். அக்கா அவருடைய அசலை மட்டும் அழித்துவிட்டு வரிசையை அப்படியே விட்டிருந்தாள். காலியான கட்டத்தைப் பாண்டாஸ் அந்த 'எண் அல்ல' மதிப்பாகத்தான் படிக்கும். வட்டியைக் கணக்கிடும் என் ஃபங்ஷனின் (புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு) வாசலிலோ ஒரு காவல் இருந்தது: அசல் சுழியம் அல்லது அதற்குக் கீழே என்றால் எரர் எழுப்பு. இந்தக் காவலைத் தாண்டி அது எப்படி உள்ளே வந்தது?

தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 விதி (1985-லிருந்து இருப்பது) அப்படி. 'எண் அல்ல' என்பதை எதோடு ஒப்பிட்டாலும் பதில் 'இல்லை'தான் ('சமமில்லையா?' என்று கேட்டால் மட்டும் 'ஆமாம்'). சுழியத்தைவிடச் சிறிதா? இல்லை. சமமா? இல்லை. பெரிதா? அதுவும் இல்லை. தனக்குத் தானே சமமா என்று கேட்டாலும் இல்லை. 'கெட்டவனா?' என்று கேட்கும் காவல்காரனிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அது நடந்து போய்விடும். கேள்வியைத் திருப்பி, 'அசல் சுழியத்துக்கு மேலா? ஆமாம் என்றால் மட்டும் உள்ளே வா' என்று கேட்டிருந்தால் வாசலிலேயே நின்றிருக்கும். அப்படித் திருப்பினாலும் முடிவிலி உள்ளே வரும் என்பதால், மேத் நூலகத்தின் ஈஸ்ஃபைனைட் என்ற ஃபங்ஷனையும் சேர்த்துக்கொண்டேன். அது இரண்டையும் மறுக்கும்.

இதில் ஒரு நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் வட்டியையும் நான் ஒரு லூப்பில் கூட்டுகிறேன். அதனால்தான் ஒரு கெட்ட எண் மொத்தத்தையும் கெடுத்தது, அக்கா கண்ணிலும் பட்டது. பாண்டாஸின் சம் ஃபங்ஷனைப் போட்டிருந்தால் அது காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய் மீதியைக் கூட்டிக் காட்டியிருக்கும். இங்கே கடன் முடிந்தவர் என்பதால் அந்த விடை சரியாகவே இருந்திருக்கும். கடன் முடியாத ஒருவரின் அசல் கை தவறி அழிந்திருந்தால்? யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, திருத்தியாயிற்று. இனி இதற்கு ஒரு டெஸ்ட் எழுதலாம் என்று டெஸ்ட் கோப்பைத் திறந்தேன். எழுதும் முன் முதலில் இருப்பதையெல்லாம் ஓட்டினேன். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் என்ற கருவி எல்லாவற்றையும் பச்சை, அதாவது தேறியது, என்றது. 23 டெஸ்ட். அப்போதுதான் ஒரு சந்தேகம். இப்போது நான் திருத்திய அதே காவலை முழுதாக எடுத்துவிட்டால் எது சிவப்பாகும்? அந்த வரியைக் கணினி கண்டுகொள்ளாதபடி கமென்ட் ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன்.

23-ம் பச்சை.

'அசல் எதிர்மறையாக இருந்தால் மறுக்க வேண்டும்' என்று பெயர் வைத்த டெஸ்ட் ஒன்று அந்தக் கோப்பில் கண்முன்னே இருக்கிறது. காவலே இல்லாத ஃபங்ஷனுக்கு மைனஸ் 500 ரூபாயை அனுப்புகிறது. அதுவும் பச்சை. சட்டென்று விளங்கவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். போன மாதக் கூட்டத்தில் குழு ஒரு தீர்மானம் போட்டது: இனிமேல் புதுக் கடனுக்கு மொத்த அசலுக்கும் வட்டி போடாமல், மீதி அசலுக்கு மட்டும் வட்டி. அதற்காக வட்டி ஃபங்ஷனில் அசல், வீதம், மாதம் இவற்றோடு 'முறை' என்று நான்காவதாக ஓர் ஆர்கியுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) சேர்த்தேன். சேர்த்த அன்றைக்கு, சரியான விடை வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எல்லாம் சிவப்பானது. நான்காவது மதிப்பைக் கொடுத்துச் சரி செய்தேன். தப்பான மதிப்பை மறுக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எதுவும் சிவப்பாகவில்லை. சிவப்பாகாததை எவன் திறந்து பார்ப்பான்?

அந்த டெஸ்ட்களில் நான் எழுதியிருந்தது, பைடெஸ்டின் ரைஸஸ் பகுதிக்குள் (இங்கே எரர் வர வேண்டும் என்று சொல்லும் இடம்), 'எக்ஸெப்ஷன் எது வந்தாலும் சரி'. எக்ஸெப்ஷன் என்பது பைத்தானில் ஏறக்குறைய எல்லா எரருக்கும் தாத்தா. டெஸ்ட் மூன்றே ஆர்கியுமென்டோடு கூப்பிடுகிறது. நான்காவதைக் காணோம் என்று பைத்தானே டைப் எரர் எழுப்புகிறது. அந்த எரரும் பேரப்பிள்ளைதானே, டெஸ்ட் திருப்தியாகப் பச்சை காட்டுகிறது. ஃபங்ஷனின் முதல் வரிகூட ஓடவில்லை. மைனஸ் 500 என்ற எண்ணை யாரும் பார்க்கவே இல்லை.

முதல் வேலையாக எல்லா 'எக்ஸெப்ஷன்' என்ற சொல்லையும் எடுத்தேன். வகை சரி, மதிப்புதான் பொருந்தவில்லை என்றால் வேல்யூ எரர். வகையே தப்பு, எண் வேண்டிய இடத்தில் சொல் வந்தது என்றால் டைப் எரர். இது பைத்தானின் சொந்த வழக்கம். எட்டு டெஸ்ட் உடனே சிவப்பானது. எட்டும் நான்காவது ஆர்கியுமென்ட் இல்லாமல் இத்தனை நாள் ஊரை ஏமாற்றியவை.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் கிடந்தது. ஒரே ரைஸஸ் பகுதிக்குள் இரண்டு அழைப்பு: முதலில் சுழியம் ரூபாய், அடுத்த வரியில் மைனஸ் 500. முதல் வரி எரர் எழுப்பியதும் அந்தப் பகுதி முடிந்துவிடும், இரண்டாவது வரி ஓடவே ஓடாது. ஒரு பகுதிக்குள் ஒரே ஓர் அழைப்பு, முன்னேற்பாடெல்லாம் வெளியே. இதைப் பிரித்து, பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் (ஒரே டெஸ்டைப் பல மதிப்புக்கு ஓட்டும் வசதி) வழியாகத் தனித்தனி டெஸ்டாக்கினேன்.

வகையைத் திருத்தினால் மட்டும் போதாது. வேல்யூ எரர் எந்தக் காவலிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அசலுக்காக அனுப்பிய டெஸ்டில் எரர் மாதத்திலிருந்து வந்தாலும் வகை ஒன்றுதான். அதனால் ரைஸஸுக்கு மேட்ச் என்ற ஆர்கியுமென்டில் செய்தியின் ஒரு பகுதியையும் கொடுத்தேன். இங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனது.

எரர் செய்தியைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன், படிப்பது அக்கா என்பதால். "கடன் தொகை (ரூ.) 0-க்கு மேல் இருக்க வேண்டும்" என்பது ஒரு செய்தி. அதே வாசகத்தை மேட்சில் கொடுத்தேன். பொருந்தவில்லை என்றது. இது எனக்குத் தெரிந்த பள்ளம்தான்: மேட்ச் என்பது ரெகெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடும் குறிமொழி), அங்கே அடைப்புக்குறி என்றால் குழுவாகச் சேர்ப்பது, புள்ளி என்றால் எந்த எழுத்தும். ரெகெக்ஸ் நூலகத்தின் எஸ்கேப் ஃபங்ஷனில் வாசகத்தைச் சுற்றிக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகவே தேடும். கொடுத்தேன். அப்போதும் பொருந்தவில்லை.

பைடெஸ்ட், எதிர்பார்த்ததையும் வந்ததையும் மேலும் கீழுமாக அச்சிட்டுக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றே. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். இடைவெளி இரட்டையாக இருக்கிறதா? இல்லை. கடைசியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இல்லை. வாசகத்தைச் சொல் சொல்லாக வெட்டி, எந்தச் சொல்லில் பிசகுகிறது என்று தேடினேன். 'கடன்' பொருந்துகிறது. 'மேல்' பொருந்துகிறது. 'தொகை' பொருந்தவில்லை.

டெஸ்டில் இருந்த 'தொகை'யின் நீளம் 4. செய்தியில் இருந்த 'தொகை'யின் நீளம் 5.

தமிழில் ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனியாக ஓர் இடம் உண்டு. த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி என்றால் நான்கு. அதே ஒகரத்தை எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். அப்போது ஐந்து. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. டெஸ்டில் இருந்தது நான் கீபோர்டில் தட்டியது. செய்தியில் இருந்தது, குழுவின் பழைய விதிமுறைக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியது. அந்தக் கோப்பு ஒரு காலத்தில் பழைய எழுத்துருவில் இருந்து, பிறகு யாரோ யூனிகோடுக்கு மாற்றியது. மாற்றிய கருவி கொம்பையும் காலையும் சேர்க்காமல் விட்டிருக்கிறது.

இதில் வேடிக்கை, பைத்தானில் மாறிகளுக்கே (மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிகள்) தமிழில் பெயர் வைக்கலாம். நான் 'தொகை' என்று ஒரு மாறியும் வைத்திருந்தேன். அதை எந்த வகையில் தட்டினாலும் பைத்தான் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், பெயர்களை அது படிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லை மட்டும் தொடாது. தொடக்கூடாது என்பதும் நியாயம்தான். அது நம்முடைய சரக்கு.

யூனிகோட்டேட்டா நூலகத்தில் நார்மலைஸ் என்று ஒன்று உண்டு. என்எஃப்சி வடிவம் கேட்டால் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்த்துத் தரும். செய்திகளை அதில் போட்டு எடுத்து ஒட்டினேன். தாளிலிருந்து உறுப்பினர் பெயர் வரும் இடத்திலும் அதைச் சேர்த்தேன். ஏனென்றால் இந்த வித்தியாசம் டெஸ்டில் வந்தால் எரிச்சல், பேரேட்டில் வந்தால் 'கோமதி' இரண்டு பேராகிவிடுவார்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன், முதல் பதிப்பில், பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காவல் வைத்திருந்தேன். பைத்தானின் ஈஸ்ஆல்ஃபா சொல்வதை நம்பினேன். '123' என்று பெயர் கொடுத்தால் மறுக்கிறதா? மறுத்தது. வெற்றுச் சொல்? மறுத்தது. டெஸ்ட் பச்சை. அக்காவிடம் கொடுத்த அன்றைக்குப் பதினாறு பேரில் பதினாறு பேரையும் மறுத்தது. ஈஸ்ஆல்ஃபாவைப் பொறுத்தவரை கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்தில் சேராது. 'தமிழ்' என்ற சொல்லையே அது எழுத்து அல்ல என்று சொல்லும். எல்லாவற்றையும் மறுக்கும் ஃபங்ஷன், மறுப்பைச் சோதிக்கும் எந்த டெஸ்டிலும் தேறிவிடும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். காவலை எடுத்தேன், விஷயத்தை மறந்தேன். பெயரில் என்ன எழுத்து இருக்கலாம் என்று முடிவு செய்ய எனக்கு என்ன வேலை? காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இனி வரிசை மாறிய கதை. காவல்களை ஒழுங்குபடுத்தும்போது, வட்டி வீதத்துக்கு மேல் எல்லை எதுவும் இல்லை என்று கவனித்தேன். குழுவில் எந்தக் கடனுக்கும் மாதம் 3-க்கு மேல் வட்டி கிடையாது. அதை ஒரு காவலாக எழுதி, அதற்கு டெஸ்டும் எழுதி, பச்சை பார்த்துவிட்டு, அக்காவின் உண்மையான தாளைக் கொடுத்து ஓட்டினேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் கடனும் மறுக்கப்பட்டது. "மாத வட்டி 12: 3-ஐத் தாண்டக்கூடாது." "மாத வட்டி 10: 3-ஐத் தாண்டக்கூடாது."

பன்னிரண்டு வட்டியா? மீட்டர் வட்டிக்காரன்கூடக் கொஞ்சம் யோசிப்பான்.

தாளைத் திறந்தால் தெரிந்தது. எப்போதோ அக்கா பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மாதப் பத்தியை வட்டிப் பத்திக்கு முன்னால் நகர்த்தியிருக்கிறாள். என் புரோகிராம் பத்தியின் தலைப்பைப் பார்க்காமல் இடத்தை வைத்து எடுத்து, அசல், வீதம், மாதம் என்று அந்த வரிசையிலேயே ஃபங்ஷனுக்குத் தள்ளுகிறது. இரண்டு வட்டிக்குப் பன்னிரண்டு மாதம் என்பது, பன்னிரண்டு வட்டிக்கு இரண்டு மாதம் என்று போயிருக்கிறது. பல மாதமாக.

பிறகு ஏன் யாரும் கவனிக்கவில்லை? பழைய முறையில் மொத்த வட்டி என்பது அசல், வீதம், மாதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுப்பது. 10,000 ரூபாய்க்கு 2 வட்டியில் 12 மாதம் 2,400. 12 வட்டியில் 2 மாதமும் 2,400. பெருக்கலுக்கு வரிசை ஏது? அதை மாதத் தவணையாகப் பிரித்ததும் தனியாக, மாதப் பத்தியின் தலைப்பைப் பார்த்து. ஆக எல்லாமே சரியாக வந்துகொண்டிருந்தது. மீதி அசலுக்கு வட்டி என்று மாறிய பிறகுதான் குட்டு உடையும். மாதா மாதம் சம அசல் கழித்து மீதிக்கு வட்டி போட்டால், 10,000-க்கு 2 வட்டியில் 12 மாதத்துக்கு மொத்தம் 1,300. மாற்றிப் போட்டால், முதல் மாதம் 1,200, அடுத்த மாதம் பாதி அசலுக்கு 600, ஆக 1,800. ஒரு கடனுக்கு 500 ரூபாய் அதிகம். புது முறையில் இன்னும் யார் கைக்கும் தவணைச் சீட்டு போகவில்லை. அந்த 'நான்' மட்டும் வராமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை போயிருக்கும்.

இதற்கு மருந்து எல்லைக் காவல் மட்டும் அல்ல. 2 வட்டிக்கு 3 மாதம் என்று ஒரு சின்னக் கடன் இருந்தால், மாறிப் போனாலும் 3 வட்டிக்கு 2 மாதம் என்று எல்லைக்குள் நழுவிவிடும். ஃபங்ஷனின் முதல் வரியில், ஆர்கியுமென்ட்களுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். பைத்தான் 3 தொடங்கியதிலிருந்தே இருக்கும் வசதி: நட்சத்திரத்துக்குப் பின் வருவதையெல்லாம் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். 'வீதம் இது, மாதம் இது' என்று எழுதாமல் வெறும் எண்ணை வரிசையாகத் தள்ளினால் பைத்தானே டைப் எரர் எழுப்பிவிடும். தாளையும் தலைப்பு வைத்தே படிக்கச் செய்தேன். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் மறுக்கிறதா என்றும் ஒரு டெஸ்ட். மறுநாள் எவனோ, அநேகமாக நானே, அந்த நட்சத்திரம் எதற்கு என்று எடுத்துவிடக்கூடாது அல்லவா.

மாதம் முழுஎண்தானா என்ற காவலில் வேறொரு கூத்து. இன்ட் (பைத்தானின் முழுஎண்) வகையா என்று கேட்டு, இல்லையென்றால் மறுக்கும்படி எழுதினேன். டெஸ்டில் நான் கையால் கொடுத்த 12 தேறியது. தாளிலிருந்து வந்த 12 தேறவில்லை. பாண்டாஸ் பத்தியிலிருந்து ஓர் எண்ணை இடம் சொல்லி எடுத்தால் வருவது, பாண்டாஸ் உள்ளே பயன்படுத்தும் நம்பை என்ற நூலகத்தின் முழுஎண். அது பைத்தானின் இன்ட் அல்ல. அதோடு, அந்தப் பத்தியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பத்தி முழுவதும் தசம எண்ணாகிவிடும், எல்லாருடைய 12-உம் 12.0 ஆகிவிடும். யாரோ ஒருவர் கட்டம் காலி என்பதற்காக மற்றவர் கடனை மறுப்பது அநியாயம். 12.0 என்றால் 12 என்று ஏற்றுக்கொள், 12.5 என்றால் மறு என்று மாற்றினேன். ட்ரூ என்ற மெய்ம்மதிப்பைத் தனியாக மறுக்க வேண்டியிருந்தது, பைத்தானில் அதுவும் ஒருவகை இன்ட், ஒன்றுக்குச் சமம். எழுத்தாக வரும் எண்ணையும் சோதித்தேன். '௧௨' என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் பைத்தானின் இன்ட் அதை அழகாக 12 என்று படிக்கிறது. பழைய முறையில் '௰௨' என்று கொடுத்தால் மறுக்கிறது, ௰ அதற்கு இலக்கம் அல்ல. அக்கா இரண்டையும் தட்டப்போவதில்லை. இருந்தாலும் ஆசைக்கு இரண்டு டெஸ்ட்.

இவ்வளவையும்விட என்னைக் கூனிக்குறுக வைத்தது புதுக் கடன் பதியும் ஜன்னல். அதன் பின்னால் இருக்கும் மெத்தட் (இதுவும் ஒருவகை ஃபங்ஷன்தான்) இப்படிப் போகிறது: உறுப்பினர் பெயரைப் பார், பேரேட்டில் ஒரு வரி சேர், நிலுவையைக் கூட்டு, பிறகு மாதத்தைச் சரிபார், வட்டி போடு. மாதம் தப்பு என்றால் எரர் வரும். ஆனால் அதற்குள் பேரேட்டில் வரி ஏறிவிட்டது. டெஸ்ட் என்ன பார்த்தது? எரர் வந்ததா? வந்தது. பச்சை. பேரேடு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

கேட்கும்படி எழுதினேன். மூன்று கடன், நிலுவை 45,000 உள்ள ஒரு பேரேடு. அதில் 10,000 ரூபாய்க் கடனை மாதம் 0 என்று கொடு. எரர் வர வேண்டும். வந்த பிறகு, ரைஸஸ் பகுதிக்கு வெளியே, எண்ணிக்கை 3-தானா, நிலுவை 45,000-தானா? விடை: 4, 55,000.

போன தீபாவளிச் சமயத்தில் ஒருவர் கடன் பேரேட்டில் இரண்டு தடவை ஏறியிருந்தது. "நீ பட்டனை ரெண்டு தடவை அழுத்தியிருப்பக்கா" என்று சொல்லி, ஒரு வரியை அழித்துக் கொடுத்தேன். அவள் முதல் தடவை மாதத்தை விட்டுவிட்டிருக்கிறாள், எரர் வந்திருக்கிறது, மாதத்தைப் போட்டு மறுபடி பதிந்திருக்கிறாள். எந்த மனுஷியும் அதைத்தான் செய்வாள். போன் போட்டுச் சொன்னேன். "அன்னிக்கே சொன்னேனே, ஒரு தடவைதான் அழுத்தினேன்னு" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சரிபார்ப்பது எல்லாம் மேலே, பேரேட்டைத் தொடுவது எல்லாம் கீழே என்று மாற்ற ஐந்து நிமிஷம்.

ஞாயிறு மாலை அவள் வீட்டுக்கே போய்விட்டேன். தாளில் வேண்டுமென்றே நாலு தப்பு வைத்து, அவளிடமே ஓட்டக் கொடுத்து, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

முதல் செய்தி: "வரிசை 5: கடன் தொகை (ரூ.) காலியாக உள்ளது." அவள் தாளில் ஐந்தாவது வரிசைக்குப் போனாள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். பாண்டாஸ் சுழியத்திலிருந்து எண்ணுகிறது. தாளில் முதல் வரிசை தலைப்பு, ஆட்கள் இரண்டிலிருந்து தொடங்குகிறார்கள். என் 5 அவளுக்கு 7. இரண்டைக் கூட்டி, உறுப்பினர் பெயரையும் சேர்த்தேன். இதற்கும் டெஸ்ட்: நாலு பேர் உள்ள தாளில் கடைசி ஆளிடம் தப்பு வைத்தால், செய்தியில் 5 என்றும் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரு தப்பைத் திருத்தி ஓட்டினால் அடுத்தது, அதைத் திருத்தினால் அடுத்தது என்று நாலு தடவை ஓட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை, "எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றாள். சொல்வதில் என்ன சிரமம்? ஒவ்வொரு வரிசையின் எரரையும் பட்டியலில் சேர்த்து, கடைசியில் மொத்தமாகக் காட்டும்படி செய்தேன். பைத்தான் 3.11-லிருந்து பல எரரை ஒரே கட்டாக எழுப்ப வசதி இருக்கிறது. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, ஒரு பட்டியல் போதும்.

பழைய பதிப்பில் எல்லாத் தப்புக்கும் ஒரே செய்திதான்: "உள்ளீடு தவறு." அது வந்தபோதெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "மூடிட்டுத் திரும்பத் திறப்பேன். சில தடவை போயிரும்."

ராத்திரி வீடு திரும்பியதும் கடைசி வேலை. புரோகிராமில் இப்போது 14 காவல். ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்ப்பது: ஒன்றை எடு, டெஸ்ட் ஓட்டு, சிவப்பு வருகிறதா பார், திரும்ப வை. 'கீழே' என்பதை 'சமம் அல்லது கீழே' என்று மாற்று, மறுபடி ஓட்டு. ம்யூடேஷன் டெஸ்டிங் என்று 1970-களிலேயே வந்த யோசனை, பைத்தானில் இதைத் தானாகச் செய்ய மியூட்மட் என்ற கருவி உண்டு. முந்நூறு வரிக்குக் கையே போதும் என்று தோன்றியது. இரண்டு இடத்தில் பச்சை மாறவில்லை. ஒன்று, கடன் காலம் அதிகபட்சம் 24 மாதம் என்ற காவல். டெஸ்டில் 12-ஐ ஏற்பதையும் 100-ஐ மறுப்பதையும்தான் பார்த்திருந்தேன். எல்லை 24-ஆ 23-ஆ என்று டெஸ்டுக்குத் தெரியாது. 24 தேற வேண்டும், 25 தேறக்கூடாது என்று சேர்த்தேன். இன்னொன்று, வட்டி எதிர்மறையா என்ற காவல். அதை எடுத்தாலும் சிவப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கு அடுத்தே 'சுழியத்துக்கும் 3-க்கும் இடையில்' என்ற காவல் நின்று அதே வேலையைச் செய்கிறது. ஒரே வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன். முதலாவதை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை தாளில் 'சௌந்தரம்' இரண்டு பேராக வந்தார். ஒரு வரிசையில் ஔகாரக் குறியோடு. இன்னொன்றில் எகரக் கொம்பும், பக்கத்தில் ஒரு முழு ளகரமும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் இதை என்எஃப்சி சேர்க்காது. அதன் கணக்கில் ளகரம் ளகரம்தான், ஔகாரத்தின் பின்பாதி அல்ல. கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. ஃபங்ஷனைத் தொடும் முன் இந்தத் தடவை டெஸ்டை எழுதினேன். மறுப்புக்கான டெஸ்ட் அல்ல, ஏற்பதற்கானது. குழுவிலேயே மூத்தவர் பெயரைப் போட்டேன்: வெள்ளையம்மாள். உள்ளே போன பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் வெளியே வர வேண்டும். பிறகு அந்த மாற்றத்தை எழுதி ஓட்டினேன். சிவப்பு. வெள்ளையம்மாளின் கொம்பையும் ளகரத்தையும் பிடுங்கி ஔகாரமாக்கி, மேலே ஒரு புள்ளியையும் தொங்கவிட்டிருந்தது. மாற்றத்தை அழித்தேன், டெஸ்டை வைத்துக்கொண்டேன். இப்போதைக்குச் சந்தேகமான பெயரைக் கண்டால் இரண்டு வரிசை எண்ணையும் காட்டி, இவர்கள் ஒருவர்தானா என்று அக்காவையே கேட்கிறது.